பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் மாமி நன்மை (திவ்விய நற்கருணை) வாங்குறா இல்லை

முத்தையன்கட்டான்:
மாமிக்கு 70 தாண்டீட்டுது. 2009 மாசியில (பெப்ரவரி) போர்ச் செல்லடிக்குள்ள, நடக்கேலாத தன்ர மாமனாரைப் பங்கருக்குள்ள விட்டிட்டுப் பிள்ளையளோட வெளிக்கிட்டவா. அவற்ற உடல்கூடக் கிடைக்கேல்லை. போன தவக்காலத்தில சுவாமியாரிட்ட (குருவானவரிட்ட) பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, அவர் பாவமன்னிப்பும் குடுத்திட்டார். எண்டாலும் நன்மை நேரம் எழும்பிப் போகாமல் கடைசி வாங்கிலேயே இருக்கிறா. "எனக்கு அந்தத் தகுதி இல்லை" எண்டுறா. ஆவணித் (ஓகஸ்ட்) திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்து போய் அதையே திரும்பச் சொல்லப் போறாவாம். நாங்கள் என்ன செய்யலாம்?

மாந்தை உபதேசி:
தம்பி, முதல்ல ஒண்டு. "நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை மாமி" எண்டு சொல்லாதேங்கோ. தன்ர நோவை நீங்கள் தட்டிக் கழிக்கிறியள் எண்டுதான் அவவுக்குப் படும்.

நன்மை வாங்கவிடாமல் தடுக்கிற சாவான பாவம் ஆகிறதுக்கு மூண்டும் சேரோணும்: கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம். பயமும் பலவந்தமும் பொறுப்பைக் குறைக்கும், இல்லாமலும் ஆக்கும் எண்டு கத்தோலிக்க மறைக்கல்வி நூலே (பத்தி எண் 1735) சொல்லுது. செல் விழேக்க ஒரு கையில பிள்ளையோட எடுத்த முடிவில முழுச் சம்மதம் எங்க? ஆனா இதைச் சுவாமியார்தான் அவவோட நிறுத்துப் பாக்கோணும், நாங்களில்லை.

மனஸ்தாபத்தோட (செய்ததை நினைச்சு மனம் வருந்தி) சொல்லி, பாவமன்னிப்பு வாங்கின பாவத்தைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. மறந்துபோன கனமான பாவமும் அதோட மன்னிக்கப்பட்டது. நினைவு வந்தா அடுத்த முறை ஒருக்காச் சொன்னாப் போதும். மனசு லேசாகேல்லை எண்டதால பாவமன்னிப்பு செல்லாமல் போகாது. சுவாமியார் பரிகாரமாத் தந்த அபராதம் மூண்டு அருள்நிறை மந்திரம் எண்டா மூண்டுதான். அதுக்கு மேல தானாக் கூட்டிக்கொண்டு போறதுதான் இதில வழமையா நடக்கிற பிழை. மடுவுக்கு நடக்கட்டும், நல்லது. கடன் கட்டுறதா நினைச்சு நடக்கவேண்டாம். கோயிலுக்குக் கோயில் வேற வேற சுவாமிமாரிட்டப் போகாமல் ஒருவரிட்டயே போகச் சொல்லுங்கோ. இனி அதைச் சொல்லவேண்டாம் எண்டு அவர் சொன்னா, கீழ்ப்படியிறதுதான் மருந்து.

நன்மைக்கு முதல் பீடத்தில நிக்கிற ஆயர்கூட "நான் தகுதியற்றவன்" எண்டுதான் சொல்லுறார். மாமி சொல்லுற அதே வசனம். சொல்லிப்போட்டு அவர் பின்னுக்குப் போய் இருக்கிறேல்லை, வாங்குறார்.

மாமி என்ன சொன்னவா எண்டு சுவாமியாரிட்டக் கேட்டுப் போகாதேங்கோ. அவர் வாய் திறக்கேலாது. மாமியோடகூட, அவ சம்மதிக்காமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியில அந்தக் கதையை அவர் எடுக்கேலாது.

முள்ளியவளை:
நாங்கள் மெதடிஸ்த சபை, பாவசங்கீர்த்தனத் தொட்டி எங்களிட்ட இல்லை, நோவு ஒண்டுதான். "கடவுள் மன்னிச்சிட்டார், இனி நீங்கள்தான் உங்களை மன்னிக்கோணும்" எண்டு கனபேர் சொல்லுவினம். தயவுசெய்து அதை மாமியிட்டச் சொல்லாதேங்கோ. வேதத்தில அப்பிடி ஒரு கட்டளை இல்லை. ஏலாத மனிசிக்கு இன்னொரு வேலையைத்தான் குடுக்கிறியள். 1 யோவான் 3:20ஐ வாசிச்சுக் காட்டுங்கோ: எங்கட இருதயம் குற்றவாளி எண்டு தீர்த்தாலும் தேவன் அதிலும் பெரியவர். இருதயம் ஓய்ஞ்ச பிறகு வா எண்டு அங்க இல்லை.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை, செல்சத்தம் கேக்குது எண்டா மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ. 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம். செபத்தை விட்டிட்டுப் போறதெண்டு அர்த்தமில்லை.

முத்தையன்கட்டான்:
நன்றி. இன்னொண்டு: செத்த திகதி தெரியாது, உடலும் இல்லை. மாமியின்ர மாமனாருக்குப் பூசை (திருப்பலி) ஒப்புக்குடுக்கலாமோ?

மாந்தை உபதேசி:
தாராளமா. உடலும் வேண்டாம், திகதியும் வேண்டாம். சுவாமியார் இருக்கிற அறைவீட்டில பேரைச் சொல்லிப் பதிஞ்சாச் சரி. கார்த்திகை (நவம்பர்) 2, மரித்தோர் நாளுக்குத்தான் வேணுமெண்டா வேளைக்கே போங்கோ. அண்டைக்கு ஒரு குருவானவர் மூண்டு பூசை வைக்கலாம், ஆனா அதில ஒண்டுதான் பூசை கேக்கிற ஆக்களின்ர கருத்துக்கு (வேண்டுதலுக்கு). பதியிறதுக்கு மாமியையே அனுப்புங்கோ, நீங்கள் முந்திக்கொண்டு போகவேண்டாம்.