மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது?

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக வழக்காடும் வேலையில் மறக்க முடியாததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். தருமபுரியில் 14 வருடமாக இந்த வழக்குகளை நடத்துகிறேன். பாதிக்கு மேல் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வருபவை. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, அரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிந்து கொடுத்த ஏ.ஆர். காப்பி, போலீஸ் ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்குக் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதுகள் மூன்று. மூன்று முறையும் ஸ்டேஷனில் "இனிமேல் சேர்ந்து வாழ்கிறோம்" என்று இருவரிடமும் எழுதி வாங்கி அனுப்பிவிட்டிருக்கிறார்கள். கணவருக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார், வந்தால் குடி, அப்புறம் அடி. முந்தின நாள் ராத்திரி இவரையும் இரண்டு பிள்ளைகளையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருந்து, விடிந்ததும் முதல் டவுன் பஸ்ஸில் கிளம்பி, வண்டி மாறி வந்திருக்கிறார்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டே, "புகார் எழுதிடலாமாம்மா?" என்றேன். "அது இருக்கட்டும் மேடம். இன்னைக்கு மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?" என்றார்.

தொழிலுக்கு வந்த புதிதில் இந்தக் கேள்வியை நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். அப்போது ஒரு பெண் வந்தார், முகமெல்லாம் வீங்கி. எனக்கு வந்த கோபத்தில், அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காமல், மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான 498ஏ பிரிவில் கிரிமினல் கேஸ் போட வைத்தேன். (இன்றைக்கு அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு.) சாட்சிக் கூண்டில் ஏறிய அந்தப் பெண், "அவர் அடிக்கவில்லை, மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொல்லிவிட்டார். பிறழ் சாட்சி. வெளியே வந்ததும் முகம் கொடுத்துக்கூடப் பேசாமல் வந்துவிட்டேன். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு விளங்க ரொம்ப நாள் ஆனது. கணவன் உள்ளே போனால் மாமியார் அன்றைக்கே சட்டி பானையைத் தெருவில் வைத்துவிடுவார். பிள்ளைகளோடு எங்கே போய்ப் படுப்பது? அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் என்னிடம் வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்தது இரண்டே வழிதான்: அனுசரித்துப் போவது, இல்லாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போவது. அந்த வீட்டிலேயே இருக்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 17ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வாழ்ந்த வீட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடியிருக்கும் உரிமை உண்டு, சட்டப்படி அல்லாமல் வெளியேற்ற முடியாது. 19ஆம் பிரிவில் அதற்கு உத்தரவு வாங்கலாம். எனக்கு இந்தச் சட்டத்தின் உயிரே இந்த இரண்டு பிரிவுகள்தான்.

சரி, அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். அன்றே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து, சம்பவ அறிக்கை எழுத வைத்தோம். நாங்கள் டி.ஐ.ஆர். என்போம். எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நடந்ததை வரிசையாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. தேதி கேட்டால், "பெரியவளுக்கு அம்மை போட்டிருந்தப்ப", "மாடு கன்னு போட்ட மறு வாரம்" என்பார். அப்படியே எழுதச் சொன்னேன். அவர் காலண்டர் அது, அதைத் திருத்த நாம் யார்?

குடியிருப்பு, பாதுகாப்பு, பிள்ளைகளுக்குச் செலவுப் பணம் மூன்றையும் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டோம். 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேட்டோம். முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாதான். அதனால்தான் இடைக்கால உத்தரவை நான் விடாமல் கேட்பேன்.

அடுத்த வாரம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் ஆபீசுக்கு வந்தார்கள். "பொம்பளப்புள்ள கோர்ட்டு ஏறினா குடும்பம் ஆவுமா வக்கீலம்மா?" டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். "அண்ணா, அந்தப் பொண்ணு விவாகரத்து கேக்கல, அவரை ஜெயில்ல போடச் சொல்லல. படுக்க இடம் கேக்குது, மாட்டைக் கேக்குது. குடுக்கச் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், "வூடு மாமியார் பேர்ல இருக்குதே?" என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீலும் கோர்ட்டில் அதையேதான் சொன்னார். முன்பெல்லாம் இந்த வாதத்தில் நாங்கள் தோற்போம். மாமியார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகள் உரிமை கேட்க முடியாது என்று 2006இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டுவார்கள். 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்று சொல்லிவிட்டது. கணவனின் உறவினர் பெயரில் இருந்தாலும், அவள் குடும்பமாக வாழ்ந்த வீடு அவள் குடியிருக்கக் கூடிய வீடுதான். முதியவர்களின் நிலையையும் கோர்ட் பார்க்கும், இது பட்டா கிடைத்த மாதிரி ஆகாது. இருந்தாலும் ராத்திரியில் கதவைப் பூட்டி வெளியே தள்ள முடியாது.

மாட்டுக்கு அவரிடம் ரசீது இல்லை. "சந்தையில புடிச்சது மேடம், ரசீது யாரு குடுப்பாங்க?" என்றார். குழுவில் கடன் வாங்கினீர்களா என்று கேட்டபோதுதான் வழி கிடைத்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கியதே நம் தருமபுரி மாவட்டத்தில்தான். இங்கே குழு நோட்டு இல்லாத தெரு குறைவு. தீர்மானப் புத்தகத்தில் இவர் பெயர், "கறவை மாடு வாங்க" என்ற வரி, தவணை கட்டிய தேதிகள் எல்லாம் நீல மையில் இருந்தன. குழுத் தலைவி அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கோர்ட்டுக்கே கொண்டுவந்தார். பெண்ணுக்குச் சேர வேண்டிய பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல 19(8)இல் இடம் இருக்கிறது.

22ஆம் நாள் இடைக்கால உத்தரவு வந்தது. உத்தரவின் நகல் மனுதாரருக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசம், 24ஆம் பிரிவு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கணவரை வீட்டைவிட்டு விலகி இருக்கச் சொல்ல முடிந்தது. மாமியாரைச் சொல்ல முடியாது. பெண்ணை வெளியேற்றும் உத்தரவுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆக, மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில். பாதுகாப்பு அலுவலரோடும் ஒரு பெண் காவலரோடும் நாங்கள் போய் நின்றபோது மாமியார் சாவியைக் கையில் கொடுக்கவில்லை, வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இந்தம்மா சாவியை எடுக்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போய் மாட்டின் முதுகைத் தடவி, காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்.

இந்த வேலைக்கு வரும் தங்கச்சிகளுக்கு ஒன்று. அவர்கள் போனுக்கு நாமாகக் கூப்பிடக் கூடாது. எத்தனை மணிக்குப் பேசலாம், யார் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் நம்பர் பல பேர் போனில் "தையல் அக்கா" என்றுதான் இருக்கிறது.

ஓசூரிலிருந்து ஒரு சகோதரி:

அக்கா, எங்கள் பக்கம் பாதிப் பேர் லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். கம்பெனி வேலைக்காக வந்து தங்கியவர்கள். அகிரிமெண்டும் அட்வான்சும் கணவன் பெயரில் இருக்கும். அவர் வாடகையை நிறுத்திவிட்டுப் போய்விடுவார், ஓனர் வந்து காலி பண்ணச் சொல்வார். வாடகை வீடும் இந்தச் சட்டத்தில் வரும். அதே வசதியில் வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கட்டவோ கணவனுக்கு உத்தரவிடலாம். இதை ஓனரிடமே போய்ச் சொல்லி இரண்டு மாதம் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று மொழி. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பெண்கள் இங்கே நிறைய. புகாரைத் தமிழில் யாரோ எழுதித் தர, கையெழுத்து மட்டும் போடுவார்கள். ஒரு பெண் பட்ட அடியெல்லாம் "வாய்த்தகராறு" என்று எழுதப்பட்டிருந்தது. வாசித்து, அவர் மொழியில் சொன்னபோது அழுதுவிட்டார். இப்போதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் சொல்லிக் காட்டுகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து:

நான் வக்கீல் இல்லை மேடம். என் வீட்டுக்காரர் அடித்ததில்லை. தக்காளிக் காட்டில் கூலிக்குப் போன காசு, மகளிர் உரிமைத் தொகை 1,000, எல்லாம் அவர் கையில். ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைக்கு நோட்டு வாங்கக்கூட அவரிடம் கெஞ்ச வேண்டும். இதற்கெல்லாம் கோர்ட்டில் கேட்பார்களா?

தருமபுரியிலிருந்து மறுபடியும்:

கேட்பார்கள் தங்கச்சி. உங்கள் காசை உங்களிடமிருந்து பிடுங்கி வைப்பதும் வன்முறைதான். பொருளாதார வன்முறை என்று 3ஆம் பிரிவில் தனியாகவே இருக்கிறது. 2023 ஜூலையில் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை முதலமைச்சர் தொடங்கி வைத்ததே நம் தொப்பூரில்தான். அந்தப் பணம் உங்கள் கைக்கு வராவிட்டால் என்ன பயன்?

கோர்ட் அப்புறம். முதலில் பேங்க் பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நீங்களே கிளைக்குப் போங்கள். பழைய கார்டை முடக்கிப் புதுசு கேளுங்கள். கணக்கில் யார் போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள், அவருடையதாக இருந்தால் மாற்றுங்கள். கார்டு நின்றது தெரிந்தால் அவர் என்ன செய்வார் என்பதையும் போவதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் 181க்குப் பேசிவிட்டுப் போங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், 15100இல் கேட்கலாம். அதுவரைக்கும் அவர் வீட்டில் இருக்கும்போது இதைத் திறந்து படிக்காதீர்கள். எத்தனை மணிக்குக் காட்டு வேலைக்குப் போவீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள், அந்த நேரத்தில் பேசுகிறேன்.