தேன் தொட்டியில் வெப்பநிலை 60-ஐத் தாண்டுகிறது: எந்த முறையில் பி.ஐ.டி. அமைப்பது?

தேன்பெட்டி_மார்த்தாண்டம்:
ரப்பர் தேன் வரத்து தொடங்கிவிட்டதால் அவசரமாகக் கேட்கிறேன். ஈரப்பதத்தைக் குறைப்பதற்காக, நீர் உறை கொண்ட 200 லிட்டர் தொட்டியில் தேனை 60 டிகிரியில் நிறுத்த வேண்டும். பி.ஐ.டி. கருவியில் (ஹீட்டரைக் கூட்டிக் குறைத்து வெப்பநிலையை நிலைநிறுத்துவது) ஆட்டோ டியூன் (அதற்கான எண்களைக் கருவியே கண்டுபிடிப்பது) போட்ட பிறகும் 67 வரை ஏறி, இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த எண்களைக் கணக்கிட ஜீக்லர்–நிக்கோல்ஸ், கோஹென்–கூன், லாம்டா என்று ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். எது சரி?

மின்பலகை_தக்கலை:
சென்சார் தேனில் உள்ளதா, நீரிலா? ஹீட்டரை இயக்கும் சுவிட்ச் எஸ்.எஸ்.ஆரா (மின்னணு ரிலே), காண்டாக்டரா? பி (இலக்கை நெருங்கும்போது சூட்டைக் குறைக்கும் பட்டை), ஐ (மிச்சப் பிழையைச் சேர்த்துத் திருத்தும் நேரம்), டி (ஏறும் வேகத்தைப் பார்த்துத் தடுக்கும் நேரம்) எண்கள் என்ன? எனக்கு வரும் இத்தகைய புகார்களில் பெரும்பாலும் சென்சார் தன் குழாயின் அடியைத் தொடாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கருவியியல்_நாகர்கோவில்:
எண்களைத் தராமல் முறையைக் கேட்பது, அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வதைப் போன்றது. இதை இங்கே எத்தனை முறை எழுதுவது?

தேன்பெட்டி_மார்த்தாண்டம்:
மன்னிக்கவும். சென்சார் பி.டி.100 வகை, தேனில்தான் இருக்கிறது; குழாயின் அடியைத் தொடுகிறது. எஸ்.எஸ்.ஆர். ஐ 480 நொடி, டி 120 நொடி.

கருவியியல்_நாகர்கோவில்:
டி, ஐ-யில் சரியாக நான்கில் ஒரு பங்கு. ஆகவே உங்கள் கருவி 1942-இல் வெளிவந்த ஜீக்லர்–நிக்கோல்ஸ் விகிதத்தையே எடுத்திருக்கிறது. அந்த முறையில் அலைவு நேரத்தில் (வெப்பநிலை ஒருமுறை ஏறி இறங்கும் நேரம்) பாதி ஐ, எட்டில் ஒன்று டி என்பதால், உங்கள் அலைவு நேரம் 16 நிமிடம், தாமதம் (ஹீட்டரைப் போட்டபின் சூடு ஏறத் தொடங்கும் வரை ஆகும் நேரம்) சுமார் 4 நிமிடம் என்று கொள்ளலாம். அந்த முறை, ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால்பங்காகத் தணிவதையே போதுமெனக் கருதுவது. சூடாக்க மட்டுமே தெரிந்த, குளிர்விக்க வழியில்லாத தொட்டிக்கு அது பொருந்தாது.

அலைவரிசை_குளச்சல்:
ஜீக்லர்–நிக்கோல்ஸைக் குறை சொல்வதே இப்போது வழக்கமாகிவிட்டது. பி பட்டையை இரு மடங்கு அகலமாக்கினால் போதும். ஐஸ் ஆலையில் நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கருவியியல்_நாகர்கோவில்:
ஐஸ் ஆலை வேறு, அண்ணாச்சி. மெதுவான சூட்டுத் தொட்டியில் ஐ-யைத் தொடாமல் பட்டையை மட்டும் அகலமாக்கினால் அலைவு தணியாது. நீண்டு கூடவே செய்யும். நார்வே பேராசிரியர் ஸ்கோகெஸ்டாட் 2003-இல் தந்த விதிப்படி, இத்தகைய தொட்டிக்கு ஐ, தாமதத்தின் எட்டு மடங்கு வரை போகலாம். 4 நிமிடத் தாமதமென்றால் 32 நிமிடம், அதாவது 1920 நொடி.

அலைவரிசை_குளச்சல்:
அவ்வளவு பெரிய ஐ-யை வைத்தால், மூடியைத் திறந்து குறைந்த சூடு மீண்டுவர அரை நாள் ஆகுமே!

கருவியியல்_நாகர்கோவில்:
மீள்வது மெதுவாகத்தான் இருக்கும். தேனைக் கருக்குவதற்கு அது மேல்.

மின்பலகை_தக்கலை:
இருவரும் சற்றுப் பொறுங்கள். ஆட்டோ டியூன் போட்டபோது தொட்டியில் தேன் இருந்ததா?

தேன்பெட்டி_மார்த்தாண்டம்:
இல்லை, தேன் வீணாகக் கூடாதென்று தண்ணீர் நிரப்பிப் போட்டேன்.

மின்பலகை_தக்கலை:
அப்படியானால் 480-உம் 120-உம் தண்ணீருக்கான எண்கள். தேன் கொழகொழவென்றிருப்பதால் சூடு பரவத் தாமதமாகும். தேனை நிரப்பி, கலக்கியை ஓடவிட்டு, ஹீட்டரைக் கைமுறையில் 30 விழுக்காட்டில் வைத்து, நிமிடத்துக்கொரு முறை வெப்பநிலையைக் குறியுங்கள். ஏறத் தொடங்கும் வரை ஆகும் நேரமே உங்கள் தாமதம். எந்த முறையை எடுத்தாலும், உறை நீருக்குத் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் போட்டு 65-இல் கட்டிவிடுங்கள்.

தேன்பெட்டி_மார்த்தாண்டம்:
தாமதம் 7 நிமிடம் வந்தது. ஐ 3360 வைத்தேன், டி-யை நீக்கினேன், பட்டையை அகலமாக்கினேன். நேற்று 61-ஐத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் இன்னும் வாங்கவில்லை. நன்றி.