வேற்று மீன் சிக்கினால் தகவல் சொல்வதா, கொன்றுவிட்டுப் போவதா?

கரையோரம்:
போன வாரம் ஆற்றில் வலை இழுத்தபோது உடம்பெல்லாம் எலும்புத் தகடு போர்த்திய மீன் ஒன்று சிக்கியது. வாய் அடிப்பக்கம், உறிஞ்சும் கிண்ணம் மாதிரி. மீன் தொட்டியில் பாசி தின்ன விடுவார்களே, அந்தத் தென் அமெரிக்க டேங்க் கிளீனர். ஆனால் முழங்கை நீளம் வளர்ந்திருந்தது. கூட இருந்தவர்கள் கரையில் எறியச் சொன்னார்கள். நான் படம் எடுத்து, மீனைக் குளிர்பெட்டியில் உறைய வைத்து, மீன்வளத் துறைக்குத் தகவல் அனுப்பினேன். "இதற்கெல்லாமா நேரம் செலவழிப்பாய்?" என்று கேட்டார்கள்.

ஆமாம், செலவழிக்கத்தான் வேண்டும் என்கிறேன். புதிய மீனை முதலில் பார்ப்பது அதிகாரி இல்லை. வலை இழுப்பவர், தூண்டில் போடுபவர், கரையில் குளிப்பவர்தான். நாம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

தூண்டில்காரன்:
நான் மறுக்கிறேன். இதுவரை இரண்டு முறை தகவல் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு முறை பதிலே இல்லை. இன்னொரு முறை, நாலு மாதம் கழித்து "கூடுதல் விவரம் தேவை" என்று வந்தது. அதற்குள் அந்த மீன் குஞ்சு பொரித்துக் கூட்டமாகிவிட்டது. இது ஆற்றங்கரையில் ஒரு மீட்டருக்கு மேல் வளை தோண்டி முட்டையிடும். கரை இடிந்து விழுகிறது. இதைக் கண்ணால் பார்க்கிற எனக்குப் படிவம் நிரப்பப் பொறுமை இல்லை. பிடித்தோமா, கொன்றோமா, அவ்வளவுதான். ஓடுகிற ஆற்றில் ஒரு முறை பரவிவிட்டால் எந்தத் துறையாலும் முழுக்க எடுக்க முடியாது. அப்புறம் தகவல் எதற்கு?

செதில்:
உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் கொல்வது எந்த மீன் என்று உறுதியாகத் தெரியுமா? நான் கேட்பது இந்தத் தகட்டு மீனை மட்டும் வைத்து அல்ல.

வட அமெரிக்காவில் ஆசிய விரால் இனம் ஒன்று ஆக்கிரமிப்பு மீன். (நமக்கு விரால் சொந்த மீன், அங்கே அது படையெடுப்பு. மீனில் குற்றம் இல்லை, இடம் மாறியதுதான் சிக்கல்.) அங்கேயே பிறந்து வளர்ந்த போஃபின் என்ற பழங்கால மீனும் பார்க்க அதே மாதிரி இருக்கும்: உருளை உடம்பு, முதுகு முழுக்க நீண்ட துடுப்பு. விரால் என்று நினைத்துப் போஃபினைக் கொன்றவர்கள் உண்டு. திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். விராலுக்கு அடியில் குதத் துடுப்பும் நீளம், போஃபினுக்கு அது குட்டை. விராலின் வயிற்றுத் துடுப்பு மார்புத் துடுப்பை ஒட்டி இருக்கும், போஃபினுக்கு நடு வயிற்றில்.

இன்னொன்று கோபி. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து மீனான உருண்டைக் கோபி, கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் நிரப்பும் நிலைப்பு நீரோடு அமெரிக்கப் பேரேரிகளுக்குப் போனது. 1990-ல் கண்டுபிடித்தார்கள். அங்கே உள்ளூர் ஸ்கல்பின் மீனும் அதே அளவு, அதே பழுப்பு நிறம். கோபிக்கு இரண்டு வயிற்றுத் துடுப்பும் ஒட்டி ஒரே கிண்ணம்போல இருக்கும். ஸ்கல்பினுக்குத் தனித்தனி. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

உறிஞ்சு வாய் என்றதும் கையை ஓங்காதீர்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மலையோடைகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் சொந்த மீன்கள் உண்டு. அவற்றுக்கு எலும்புத் தகடு இருக்காது. சிலவற்றுக்குப் பற்றும் உறுப்பு வாயில் இல்லை, மார்பில் இருக்கும். தகடு இருக்கிறதா, முதுகுத் துடுப்பு பாய்மரம்போல உயர்ந்திருக்கிறதா, அதைத் தாங்கும் கதிர்கள் (குச்சி போன்ற எலும்புகள்) பத்தோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மூன்றும் இருந்தால் நீங்கள் சொல்லும் தென் அமெரிக்க மீனாகத்தான் இருக்கும்.

கண்ணாடித்தொட்டி:
நான் இருபது வருடமாக மீன் வளர்க்கிறேன். தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்த மீனை ஆற்றில் விடுவது பெரிய தவறு, அதை நான் மறைக்கப்போவதில்லை. விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், வேறு வளர்ப்பவரிடம் கொடுக்கலாம். ஆனால் கரையோரம் சொல்வதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. தகவல் என்றால் இப்போது எல்லோரும் முதலில் சமூக வலைதளத்தில்தான் போடுகிறார்கள். பிரானாவின் உறவான பாக்கு என்ற மீனைப் படம் எடுத்து "பிரானா" என்று பரப்புகிறார்கள். பாக்குவின் பல் மனிதப் பல் மாதிரி சதுரமாக இருக்கும், பிரானாவுக்கு முக்கோணக் கத்தி. வாயைத் திறந்து பார்க்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. அப்புறம் இடத்தைச் சொல்லிவிட்டால் உயிரோடு பிடித்து விற்க ஒரு கூட்டம் வரும். அதில் நாலு மீன் வேறு குளத்துக்குப் போகும்.

கரையோரம்:
அது சரிதான். நான் துறைக்கு அனுப்பினேனே தவிர, எங்கும் பரப்பவில்லை. துல்லியமான இடத்தை அவர்களுக்கு மட்டும் சொல்லலாம். உயிரினங்களைப் படத்தோடு பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் மாதிரித் தளங்களில் போட்டால் இடத்தை மறைத்து வைக்கவும் வழி இருக்கிறது.

வலைவீசி:
எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வலையை நம்பிப் பிழைக்கிறவன். தகவல் சொன்னால் என்ன நடக்கும்? "ஆய்வு முடியும்வரை மீன் பிடிக்கக் கூடாது" என்று ஒரு பலகை வைப்பார்கள். குளத்தில் மருந்து ஊற்றுவார்கள், எல்லா மீனும் சாகும். என் இழப்பை யார் தருவார்? அதனால்தான் எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை. அறியாமை என்று நினைக்காதீர்கள்.

செதில்:
வலைவீசி கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இழப்பீடு இல்லாமல் தகவல் மட்டும் கேட்பது அநியாயம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லாமல் விட்டாலும் இழப்பு உங்கள் தலையில்தான் விழும். மெக்சிகோவில் இன்ஃபியர்னியோ என்ற பெரிய அணை நீர்த்தேக்கம் இருக்கிறது. திலாப்பியா பிடித்துப் பிழைத்த இடம். இந்தத் தகட்டு மீன் பெருகியபின் வலையில் விழுந்ததில் பெரும்பங்கு இதுவே. அதன் முள், வலைகளைக் கிழித்தது, பிடித்த மீனுக்கு வாங்க ஆள் இல்லை.

தூண்டில்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! உடனே கொல்லுங்கள். மருந்து ஊற்றுகிற கதை என்ன ஆனது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு குளத்தில் விரால் வந்ததாகப் பெரிய பரபரப்பு, ரோட்டினோன் என்ற மீன் கொல்லி மருந்தை ஊற்றினார்கள். இரண்டே வருடத்தில் பக்கத்துப் பொட்டோமாக் ஆற்றில் விரால். தகவல் சொல்லி என்ன கிடைத்தது?

செதில்:
நல்ல உதாரணம், ஆனால் பாதிதான் சொன்னீர்கள். கிராஃப்டன் என்ற ஊர், 2002. மே மாதம் ஒருவர் தூண்டிலில் வேற்று மீன் ஒன்றைப் பிடித்தார், படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். அந்தப் படம் அதிகாரிகள் கைக்குப் போனதால்தான் அது விரால் என்றே தெரிந்தது. தொட்டியில் வளர்த்த இரண்டு மீனை ஒருவர் குளத்தில் விட்டிருந்தார். செப்டம்பரில் மருந்து போட்டபோது ஆறு பெரிய மீனும் ஆயிரத்துக்கு மேல் குஞ்சும் கிடைத்தன. அந்தக் குளம் சுத்தமானது. மூடிய குளம் என்பதால் முடிந்தது. இங்கிலாந்திலும் கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு விரல் நீளப் பொடிமீனைப் பல குளங்களிலிருந்து இதே முறையில் ஒழித்திருக்கிறார்கள்.

2004-ல் பொட்டோமாக்கில் வந்த விரால் கிராஃப்டனிலிருந்து தப்பியதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிடித்த மீன்களின் மரபணுவை ஒப்பிட்டார்கள். இரண்டும் வேறு வேறு. யாரோ தனியாகக் கொண்டுவந்து ஆற்றில் விட்டிருக்கிறார்கள். மீன்களைக் கொன்று தூர எறிந்திருந்தால் இது தெரிந்திருக்குமா? குளத்தைச் சரியாகக் கையாளவில்லை என்று பழி சொல்லிக்கொண்டு, மீன் உள்ளே வந்த உண்மையான வழியைத் திறந்தே விட்டிருப்போம். நீங்கள் பிடிக்கிற ஒவ்வொரு மீனும் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த உடம்புதான் சாட்சி.

தூண்டில்காரன்:
மரபணு விஷயம் எனக்குத் தெரியாது. அது கணக்கில் எடுக்க வேண்டியதுதான். ஆனாலும் பதில் வரும்வரை மீனை உயிரோடு வாளியில் வைத்துக் காத்திருக்க மாட்டேன்.

கரையோரம்:
யார் காத்திருக்கச் சொன்னது? அயல் மீன் என்று உறுதியானால் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது, உயிரோடு வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். கொல்வதும் தகவல் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை என்றுதான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உறுதி இல்லையென்றால் மட்டும் முதலில் படம் எடுத்துத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், கரையில் எறிந்தால் செத்துவிடும் என்பது தப்பு. இந்தத் தகட்டு மீன் காற்றை விழுங்கி மூச்சுவிடும். பல மணி நேரம் தண்ணீர் இல்லாமல் தாங்கும். நாம் திரும்பி நடந்ததும் அது நெளிந்து உள்ளே போய்விடும். அப்படி மூச்சுத் திணற விடுவது கொடுமையும்கூட.

கண்ணாடித்தொட்டி:
படம் எப்படி எடுக்க வேண்டும் என்றும் யாராவது சொல்லுங்கள். என்னிடம் அடையாளம் கேட்டு வருகிற படங்களில் பாதி, கையில் தூக்கிப் பிடித்து ஆள் சிரிப்பதுதான். மீனின் துடுப்பு விரலுக்குள் மறைந்திருக்கும்.

செதில்:
தட்டையான இடத்தில் படுக்கவைத்து, பக்கத்தில் அளவுகோல் அல்லது ஒரு நாணயம். துடுப்புகளை விரித்துவிடுங்கள். முழு உடம்பும் பக்கவாட்டில், தலை தனியாக, வாயும் வயிறும் அடியிலிருந்து. தேதி, இடம், எத்தனை மீன், தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா. குஞ்சு கண்ணில் பட்டால் மறக்காமல் எழுதுங்கள். அது இனப்பெருக்கம் தொடங்கிவிட்டதற்கு அடையாளம்.

வலைவீசி:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. தகவல் சொன்னவனுக்குத் தொழில் பாதுகாப்பு கிடைக்குமானால் எங்கள் படகுகளில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் சொல்ல வைக்கிறேன். அதுவரை எனக்குத் தெரிந்ததைச் செதிலுக்குத் தனியாக அனுப்புகிறேன். ஊர் பெயர் வெளியே வரக் கூடாது.

செதில்:
வராது. அனுப்புங்கள்.

தூண்டில்காரன்:
சரி, இனி படம் எடுக்கிறேன், மீனையும் பையில் கட்டி உறைய வைக்கிறேன். ஆனால் பிடித்த இடத்திலேயே கொன்றுவிட்டுத்தான்.

செதில்:
அப்படியே செய்யுங்கள். தலையில் பலமாக ஒரே அடி போதும். நசுக்கிவிடாதீர்கள், அடையாளம் காணப் பாதி விவரம் தலையில்தான் இருக்கிறது.