நாலரை மாதம்: நன்றாகத் தூங்கியவள் இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுகிறாள்

அரைத்தூக்கம்:
முதல் குழந்தை, பெண், இன்றோடு நாலரை மாதம். மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு பத்து நாள், இரவு பத்துக்குப் படுத்தால் நாலு மணிவரை எழவில்லை. கரையேறிவிட்டோம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். எங்கள் கண்ணே பட்டதோ என்னவோ, அடுத்த வாரமே எல்லாம் தலைகீழ். தலைமாட்டில் நோட்டு வைத்து எழுதுகிறேன். நேற்றைய கணக்கு: 10.40, 12.15, 1.50, 3.05, 4.30. அதற்குமேல் எழுதவில்லை, விடிந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் தோளில் போட்டு நாற்பது நிமிடம் நடந்தால்தான் அவளுக்குக் கண் சொருகுகிறது. கீழே கிடத்தினால், முதுகு மெத்தையில் படுவதற்குள் விழித்துக்கொள்கிறாள். போன வாரம் நடக்க முடியாமல் சோபாவில் சாய்ந்தவன், அவளை மார்பில் வைத்தபடியே தூங்கிவிட்டேன்.

பகலில் நன்றாகச் சிரிக்கிறாள், எடை ஏறுகிறது, காய்ச்சல் சளி எதுவும் இல்லை. அலுவலகத்தில் ஒருவர் தன் பிள்ளை எட்டிலிருந்து ஆறுவரை ஒரே தூக்கம் என்கிறார் (அவரிடம் பேச்சையே குறைத்துவிட்டேன்). உறவில் ஒரு பெரியம்மா, பால் பத்தவில்லை, இரவில் கெட்டியாக ஏதாவது கொடு என்கிறார். எப்போதுதான் இரவு முழுக்கத் தூங்குவாள்? நாங்கள் ஏதாவது தப்புச் செய்கிறோமா?

பழைய நர்ஸ்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சோபா மட்டும்தான் தப்பு. ஆனால் அது பெரிய தப்பு. மார்பில் தூங்கும் குழந்தை சோபா இடுக்கில் நழுவி மூச்சு முட்டிப்போகும், தூங்குகிற ஆளுக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்குக் கண் சொருகுகிறது என்றால், அவள் அழுதாலும் பரவாயில்லை, தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு மனைவியை எழுப்புங்கள். மெத்தை சமமாக, அழுத்தினால் அமுங்காததாக இருக்கட்டும். தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். ஆறு மாதம் ஆகும்வரையாவது உங்கள் அறையில், ஆனால் தனிப் படுக்கையில்.

மற்றதெல்லாம் இயல்பு. பிறந்த குழந்தைக்குப் பகல் இரவு பேதம் கிடையாது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இரண்டு மூன்று மாதத்தில்தான் ஓடத் தொடங்கும். உங்களுக்குக் கிடைத்த பத்து நாள் அதன் புண்ணியம். நாலாம் மாதம் வாக்கில் தூக்கமே மாறுகிறது. ஆழ்ந்தது, இலேசானது என்று பெரியவர்களுடையதுபோலக் கட்டம் கட்டமாகப் பிரியும். குழந்தையின் ஒரு சுற்று ஏறக்குறைய 50 நிமிடம், நமக்கு 90. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யாரும் கொஞ்சம் விழிப்போம். நாம் புரண்டு படுத்துவிடுகிறோம், காலையில் நினைவிருக்காது. உங்கள் மகளோ தோளில் ஆடிக்கொண்டே தூங்கியவள். கண் திறந்தால் தோளும் இல்லை, ஆட்டமும் இல்லை. கூப்பிடாமல் என்ன செய்வாள்? தினம் ஒருமுறையாவது, முழுதாகத் தூங்குவதற்கு முன் அரைக்கண்ணில் கிடத்திப் பாருங்கள். முதல் சில நாள் தோற்பீர்கள்.

அப்புறம் அந்த "இரவு முழுக்க". ஆராய்ச்சியில் பல நேரம் நள்ளிரவு முதல் 5 மணிவரை தூங்கினாலே இரவு முழுக்கத் தூங்கியதாகக் கணக்கு. 2018ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த கனடா ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் அப்படித்தான். அவர்கள் வளர்ச்சியில் பின்தங்கியதாகவும் தெரியவில்லை. உங்கள் அலுவலக நண்பரை மன்னித்துவிடுங்கள், அவருக்கு விழுந்தது லாட்டரி.

பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எடை ஏறினால் பால் பத்துகிறது. திட உணவு ஆறு மாதத்தில்தான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. முன்கூட்டியே திட உணவு கொடுத்த குழந்தைகளை இங்கிலாந்தில் கவனித்தபோது, கூடிய தூக்கம் மிஞ்சிப்போனால் 17 நிமிடம். இந்த வயதில் இரவில் ஒன்றிரண்டு முறை பசிக்கு எழுவது நியாயம்தான், அதைக் கொடுங்கள்.

அறுபது எண்ணுபவள்:
நர்ஸம்மா சொன்னதோடு ஒன்று. சிணுங்கிய நொடியே பாய்ந்து தூக்காதீர்கள். நான் மனதுக்குள் அறுபதுவரை எண்ணுவேன். பாதி நாள் நாற்பதைத் தாண்டுவதற்குள் அவளே அடங்கிவிடுவாள். தூக்கத்திலேயே முனகுவார்கள், கண்ணைக்கூடத் திறப்பார்கள். நாம் தூக்கித்தான் அவர்களை எழுப்புகிறோம். வீரிட்டு அழுதால் எண்ண வேண்டாம், போய்விடுங்கள். இரவுப் பாலுக்கு மங்கிய விளக்கு, பேச்சே கூடாது. விடிந்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சம்.

ரெட்டையர் அப்பா:
மாதக் கணக்கைச் சரியாகப் போட்டீர்களா? எங்கள் இருவரும் ஏழு வாரம் முன்னதாகவே பிறந்தார்கள். "மூணு மாசமாச்சே, இன்னுமா" என்று புலம்பிக்கொண்டிருந்தோம். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணச் சொன்னார் டாக்டர். எண்ணினால் ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது! அன்றைக்கு எங்கள் மனசு மட்டும் நன்றாகத் தூங்கியது.

பதினாலு மாசம்:
நான் வேறு கட்சி. அரைக்கண்ணில் கிடத்தினேன், எண்ணினேன், அறையை இருட்டாக்கினேன். என் மகன் எதற்கும் மசியவில்லை. பதினாலாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தானாகத் தூங்கினான். பயந்துபோய் மூன்று முறை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். இதற்கிடையே என்னைக் காப்பாற்றியது முறை போட்டதுதான்: ஒரு மணிவரை அவர், அதற்குப் பிறகு நான். நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினால் மறுநாள் மனுஷியாக இருக்கலாம். மனைவியையும் கவனியுங்கள். குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை, எந்நேரமும் அழுகை என்றால், அதைத் தூக்கக் கணக்கில் சேர்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அரைத்தூக்கம்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சோபா அன்றோடு சரி, நர்ஸம்மா. மகள் சரியான தேதிக்குப் பிறந்தவள்தான், அந்தச் சாக்கு எங்களுக்கு இல்லை. அரைக்கண் வித்தை ஆறு நாள் தோற்றது. ஏழாம் நாள் அவளாகவே தலையை இரண்டு பக்கமும் உருட்டித் தூங்கினாள், நான் நின்ற இடத்திலேயே உறைந்து நின்றேன். அன்றைய கணக்கு 1.10, 4.50. மறுநாள் பழையபடி நாலு முறை. மூன்றாம் நாள் இரண்டு. எனக்கு எண்ணிக்கை அறுபதைத் தாண்டாது, முப்பதிலேயே கால் இறங்கிவிடுகிறது.

முறை போட்டுவிட்டோம், முன்னிரவு எனக்கு. நேற்று பின்னிரவில் எத்தனை முறை எழுந்தாள் என்று தெரியாது. நோட்டை மனைவி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள், கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.