சின்ன ஸ்பீக்கரில் பேஸ் அதிகம், ஆனா எல்லா நோட்டும் ஒண்ணு போலவே கேட்குதே?

கேள்வி:
பழைய ஸ்பீக்கர் 8 அங்குல கோன் (முன்னாடி அசைஞ்சு சத்தம் எழுப்புற கூம்பு), மூடின பெட்டி. புதுசு 5 அங்குலம்தான், பின்னாடி ஓட்டை இருக்கு. ஆனா புதுசுலதான் பேஸ் "தும் தும்"னு தூக்கலா கேட்குது. பேஸ் கிட்டார் மேலே போனாலும் கீழே வந்தாலும் அதே "தும்"தான். என் காதுதான் சரியில்லையா?

பதில் 1:
காதைத் திட்டாதீங்க, ஓட்டையைப் பாருங்க. பெட்டிக்குள்ள காற்று ஸ்பிரிங் மாதிரி, அந்த ஓட்டைக்கு உள்ளே இருக்கிற குழாய்க்குள்ள காற்று அதுல தொங்குற எடை மாதிரி. ரெண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ல ஆடும். அந்த இடத்துல கோன் அசையுறதே கம்மி, சத்தம் முழுக்க குழாய்தான். அதுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகிற ஒவ்வொரு தடவையும் (ஒரு ஆக்டேவ்) சத்தம் 24 டெசிபல் வீதம் சரியும். மூடின பெட்டியில 12தான். கடையில அஞ்சு நிமிஷம் கேட்கிறவரை மயக்க, 80 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்துல வேணும்னே மேடு வச்சு விக்கிறாங்கன்னு எனக்கு ஒரு கடுப்பு உண்டு. எந்த நோட்டு வந்தாலும் அந்த மேடுதான் தூக்கலா கேட்கும், அதான் உங்க "தும்". ஓட்டையில ஒரு சாக்ஸைச் சுருட்டி அடைச்சுப் பாருங்க.

பதில் 2:
இன்னொண்ணு. பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ். 5 அங்குலக் கோன் அதைச் சரியா தராது. ஆனா அதே கம்பியில கூடவே வர்ற அதோட மடங்குகள் 82, 123 கேட்டாலே மூளை 41ஐ இட்டு நிரப்பிக்கும்.

கேட்டவர்:
சாக்ஸ் அடைச்சேன். "தும்" போச்சு, நோட்டு தனித்தனியா வருது. கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருந்துச்சு; சுவரை நோக்கி ஒரு சாண் நகர்த்தி வச்சேன், சரியாயிடுச்சு. ரெண்டாவது ஸ்பீக்கருக்கு அந்த ஜோடி சாக்ஸைத்தான் காணோம்.