பழைய ராக் சக்கர் பிரஸ்ஸுக்கு உதிரிப் பாகங்களைக் கட்டுப்படியாகும் விலையில் வாங்குவது எப்படி?

ஆஸ்டின்வாசி:

அனைவருக்கும் வணக்கம். டெக்ஸஸில் குடியிருக்கிறேன். .308 வின்செஸ்டர், .45 ஏசிபி ஆகிய இரண்டு வகைத் தோட்டாக்களை மட்டும் வீட்டிலேயே ரீலோடிங் (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் நிரப்புவது) செய்யும் எண்ணத்துடன், ஓய்வுபெற்ற அண்டை வீட்டுக்காரர் தம் பட்டறையை ஒழித்தபோது அவரிடமிருந்து அதற்கான அழுத்தக் கருவியான பழைய ஆர்சிபிஎஸ் நிறுவன ராக் சக்கர் பிரஸ் ஒன்றையும், ஒரு பெட்டி நிறைய டைகளையும் (பிரஸ்ஸில் பொருத்தும் அச்சுகள்), பீம் தராசு ஒன்றையும் வாங்கினேன். வார்ப்பிரும்பு உடலில் விரிசலோ துருவோ இல்லை. ராம் (கூட்டை டைக்குள் தூக்கும் தண்டு) ஆட்டமின்றி ஏறி இறங்குகிறது.

குறைகள் சின்னஞ்சிறு பாகங்களில்தான் இருக்கின்றன. கூட்டின் அடியைப் பற்றும் ஷெல் ஹோல்டரை ராமில் பிடித்து வைக்கும் கம்பி ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதால், கூட்டை வெளியே இழுக்கும்போது ஹோல்டரும் சேர்ந்து வந்துவிடுகிறது. சிறிய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கூட்டில் பொருத்துவதற்கான ஸ்லீவும் ஸ்பிரிங்கும் பெட்டியில் இல்லை. பெரிய பிரைமருக்கானவை முழுமையாக உள்ளன. இரண்டு டைகளில், பழைய பிரைமரை வெளியே தள்ளும் டிகேப்பிங் பின் முறிந்திருக்கிறது. பழைய பிரைமர்கள் விழும் தட்டும் காணவில்லை. தராசோ, ஒரே எடையை இரண்டு முறை வைத்தால் இரண்டு விதமாக நிற்கிறது.

ஏலத் தளங்களில் இவற்றைத் தனித்தனியாக விற்கிறார்கள்; அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்தால் பிரஸ்ஸுக்குக் கொடுத்த தொகையை நெருங்குகிறது. இவற்றில் எதைத் தயாரிப்பாளரிடம் வாங்க வேண்டும், எதைச் சாதாரண இரும்புக் கடையில் வாங்கலாம், எதை முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாம் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஒஹாயோ கதிர்:

வணக்கம், நண்பரே. முதலில் ஒரு செலவைக் குறைத்துவிடலாம். .308 வின்செஸ்டரும் .45 ஏசிபியும் பெரிய பிரைமர் கொள்பவை. ரைபிளுக்கான பெரிய பிரைமரும் கைத்துப்பாக்கிக்கான பெரிய பிரைமரும் விட்டத்தில் 0.210 அங்குலம்தான் என்பதால், உங்களிடம் முழுமையாக இருக்கும் அந்த ஒரு ஸ்லீவே இரண்டுக்கும் போதும். விட்டம் ஒன்று என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிடக் கூடாது. ரைபிள் பிரைமர் உயரம் கூடியது. .45 ஏசிபியிலும் .308-இலும் சிறிய பிரைமருக்காகச் செய்யப்பட்ட கூடுகள் உண்டு. சுடுதளத்தில் பொறுக்கிய கூடுகளைப் பயன்படுத்துவதானால் அவற்றைப் பார்த்துத் தனியே பிரித்து வைத்துவிடுங்கள். அதன் பிறகு சிறிய ஸ்லீவுக்கு இப்போது வேலையே இல்லை.

ஷெல் ஹோல்டர் விஷயத்திலும் இதே கதைதான். .308, .30-06, .45 ஏசிபி ஆகிய மூன்றுக்கும் ஒரே ஹோல்டர் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எண் முறை வைத்திருக்கிறது: ஆர்சிபிஎஸ்ஸில் அது 3, லீயில் 2, ஹார்னடியில் 1. விற்பவர் எண்ணை மட்டும் சொல்லி நிறுவனத்தைச் சொல்லாவிட்டால் வாங்க வேண்டாம். ராமில் செருகும் அடிப்பகுதி பெரும்பாலும் பொதுவானது என்பதால், உங்கள் பிரஸ்ஸில் வேறு நிறுவனங்களின் ஹோல்டர்களும் உட்காரும். ஹெர்ட்டர்ஸ் போன்ற சில பழைய பிரஸ்களுக்கு மட்டும் தனி வடிவ ஹோல்டர் தேவைப்படுவதால், மலிவாகக் கிடைக்கிறது என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் ஹோல்டர் கைவசம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மீதிப் பாகங்களுக்கு ஏலத் தளத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தை இணையத்தில் தேடி எடுத்து, பாக எண்களைக் குறித்துக்கொண்டு, நேரடியாக ஆர்சிபிஎஸ் வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். பழைய பொருளைப் பிறரிடமிருந்து வாங்கியதாக உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இந்தத் தொழிலில் நிறுவனங்கள் பழைய கருவிகளைக் கைவிடுவது குறைவு. ஆனால் உத்தரவாத விதிகள் ஒன்றுபோல் இல்லை. டில்லன் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கான பிரஸ்களுக்கு, அவை எத்தனை கை மாறியிருந்தாலும், ஆயுள் முழுவதும் பொறுப்பேற்கிறது. 1050, 1100 வரிசை இயந்திரங்களுக்கு அது ஓராண்டு மட்டுமே. லீ நிறுவனத்தின் உத்தரவாதம் இரண்டு ஆண்டு. அதற்குப் பிறகும், இப்போது தயாரிப்பில் உள்ள பொருளாக இருந்தால், விலையில் பாதியைச் செலுத்தித் தொழிற்சாலைக்கு அனுப்பினால் புதியது போலாக்கித் தரும் ஏற்பாடு இருக்கிறது. லீயின் சிறு பாகங்களின் விலை அவ்வளவு குறைவு என்பதால், அவற்றைத் தனியாக வரவழைக்காமல் வேறு ஏதாவது வாங்கும்போது சேர்த்துக்கொள்வதே சிக்கனம். மிட்வே யுஎஸ்ஏ, கிராஃப் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளிலும் இதே வழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். சிறு பாகத்தின் விலையை விட அதை அனுப்பும் கட்டணம்தான் நம் கையைக் கடிக்கிறது.

பழைய லேத்:

மிச்சிகனில் எந்திரக் கடைசல் வேலையில் இருப்பவன் நான். கதிர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, இரும்புக் கடைப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

ரீலோடிங் கருவிகளில் ஓ-ரிங், ஈ-கிளிப், ரோல் பின், செட் ஸ்க்ரூ, சாதாரண அழுத்த ஸ்பிரிங் ஆகியவை பெரும்பாலும் சந்தையில் எங்கும் கிடைக்கும் பொது அளவுகளே. அமெரிக்கத் தயாரிப்புகளில் மரைகள் அங்குல அளவில் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, மரை அளவியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற மெட்ரிக் திருகு ஒன்று இரண்டு சுற்று இலகுவாக ஏறிவிட்டு, மூன்றாவது சுற்றில் வார்ப்பிரும்பின் மரையை நாசம் செய்துவிடும். ஸ்பிரிங் வாங்கும்போது வெளிவிட்டம், கம்பியின் தடிமன், தளர்ந்த நிலையில் நீளம் ஆகிய மூன்றையும் வெர்னியரில் அளந்து குறித்துக்கொண்டால் மெக்மாஸ்டர்-கார் பட்டியலில் அதற்கு இணையானதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஷெல் ஹோல்டரைப் பிடிக்கும் அந்தக் கம்பி ஸ்பிரிங் அதற்கென வளைக்கப்பட்ட தனி வடிவம் கொண்டது. அதைத் தயாரிப்பாளரிடமே வாங்குங்கள்.

டிகேப்பிங் பின் முறிவதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதிய பின்னைப் போட்டால் அதுவும் முறியும். ஐரோப்பாவிலும் பழைய ராணுவக் கிடங்குகளிலும் இருந்து வரும் சில கூடுகள் பெர்டான் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் அடியில் நடுவே ஒரு துளைக்குப் பதில் ஓரமாக இரண்டு துளைகள் இருப்பதால், பின் நேராகப் பித்தளையில் போய் முட்டுகிறது. சிறு விளக்கொளியைக் கூட்டின் வாயில் பிடித்து உள்ளே பார்த்தாலே இது தெரிந்துவிடும். இன்னொரு காரணம் துளையின் அளவு. பிரைமரின் நெருப்பு மருந்துக்குச் செல்லும் தீத்துளை வழக்கமாக ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். லப்புவா நிறுவனத்தின் சிறிய பிரைமர் கொண்ட 6.5 கிரீட்மோர் தோட்டாக் கூடுகளில் அது 1.5 மில்லிமீட்டர் என்பதால் அதற்கென மெல்லிய பின் வேண்டும். உங்கள் இரண்டு தோட்டாக்களிலும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. டையின் தண்டு நடுவே நேராக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். முறிந்த பின்னுக்குப் பதிலாகப் பியானோ கம்பியை அளவுக்கு வெட்டி, நுனியைத் தேய்த்து உருட்டிப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும்.

அரிசோனா நிலா:

பழைய லேத் ஐயாவின் பியானோ கம்பி யோசனையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அவர் கையில் அது சரியாக அமையும். வெட்டும்போது வெப்பம் ஏறி நுனியின் கடினம் போய்விட்டால், புதியவர் அதைக் கண்டறிய முடியாது. வளைந்த பின் தீத்துளையை ஒருபக்கமாகக் கிழித்துவிடும். பின்கள் ஐந்தைந்தாகச் சேர்த்து மலிவாகவே விற்கப்படுவதால் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கத் தேவையில்லை. லீ டைகளில் டிகேப்பர் தண்டைக் கோலட் ஒன்று இறுகப் பற்றியிருக்கும். மிகை அழுத்தம் வந்தால் தண்டு முறியாமல் மேலே வழுக்கிவிடும். அதற்காகவே சிலர் பிரைமரைத் தள்ளும் வேலைக்கு மட்டும் லீயின் தனி டிகேப்பிங் டையை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

முப்பரிமாண அச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய பிரைமர் விழும் தட்டு, டைகளை அடுக்கும் தாங்கி, கூடுகள் சேரும் கிண்ணம் ஆகியவற்றைத் தாராளமாக அச்சிடலாம். ராக் சக்கருக்கான தட்டின் வரைவுகளைப் பிரிண்டபிள்ஸ், திங்கிவர்ஸ் தளங்களில் தேடுங்கள். ஆனால் உயிருள்ள பிரைமர் கடந்து செல்லும் எந்தப் பாதையிலும் அச்சிட்ட நெகிழியைப் பயன்படுத்தாதீர்கள். பிரைமருக்குள் இருக்கும் லெட் ஸ்டிஃப்னேட் மோதலுக்கும் நெருப்புக்கும் மட்டுமன்றி நிலைமின்சாரத்தின் சிறு பொறிக்கும் வெடிக்கக் கூடியது. டில்லன் பிரஸ்களில் பிரைமர் வரிசையாக நிற்கும் குழாயைச் சுற்றி எஃகுக் கவசக் குழாய் ஒன்று இருக்கிறது. ஒன்று வெடித்து மற்றவற்றையும் வெடிக்கச் செய்தால் அந்த வேகத்தை மேல்நோக்கித் திருப்பிவிடவே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கவசம் இல்லாமல் விற்பனைக்கு வரும் பழைய இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். அதை வாங்கிப் பொருத்தும் வரை அந்த இயந்திரத்தில் பிரைமர் ஏற்றவே கூடாது.

தராசு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். .45 ஏசிபிக்கு இடும் மருந்து சில கிரெய்ன்கள் மட்டுமே. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். அந்த அளவில் அரை கிரெய்ன் தவறு கூட அழுத்தத்தை ஆபத்தான எல்லைக்குக் கொண்டுபோகக்கூடும். பீம் தராசில் கத்தி முனை போன்ற எஃகு விளிம்பு ஒன்று வழவழப்பான கல் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ ஒட்டியிருந்தால் நீங்கள் சொல்வது போலவே ஒரே எடைக்கு இரண்டு விதமாக நிற்கும். ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் விளிம்பையும் தாங்கிகளையும் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டும் இடக் கூடாது. பிறகு காற்றோட்டமில்லாத அறையில், சமமான மேசையில், சோதனை எடைக்கற்களை வைத்துப் பாருங்கள். எடைக்கற்களை மட்டும் பழையதாக வாங்காமல் புதிதாக வாங்குங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் தராசையே மாற்றிவிடுங்கள். அதற்கு உதிரி தேடி அலைய வேண்டாம்.

ஆஸ்டின்வாசி:

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தொழிற்சாலையை அழைத்துப் பேசினேன். பழையதாக வாங்கியதை மறைக்காமல் சொன்னேன். ஷெல் ஹோல்டர் ஸ்பிரிங்கையும் பின்களையும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தட்டை நண்பர் அச்சிட்டுத் தருகிறார். தராசைத் துடைத்த பிறகு, சோதனை எடைகளை எத்தனை முறை தூக்கி வைத்தாலும் முள் ஒரே கோட்டில் வந்து நிற்கிறது. சிறிய பிரைமர் ஸ்லீவை வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

ஒரு சிறு கேள்வி மிச்சமிருக்கிறது. பழைய டைகளின் பூட்டு வளையங்களில் செட் ஸ்க்ரூ பதிந்து டையின் மரை நசுங்கியிருக்கிறது. வளையங்களை மாற்ற வேண்டுமா?

பழைய லேத்:

வளையத்தை மாற்ற வேண்டியதில்லை, தம்பி. பெரும்பாலான டைகளின் மரை 7/8-14 என்ற ஒரே அளவு என்பதால், பின்னொரு நாள் தேவைப்பட்டால் எந்த நிறுவனத்தின் வளையமும் பொருந்தும். இப்போதைக்கு நசுங்கிய இடத்தை முக்கோண அரத்தின் விளிம்பால், மரையின் சாய்வை ஒட்டி மெல்ல நீவிவிடுங்கள். வளையம் தடையில்லாமல் சுற்றியதும், செட் ஸ்க்ரூவைக் கழற்றி அந்தத் துளைக்குள் ஷாட்கன் தோட்டாவிலிருந்து எடுத்த சிறு ஈயக் குண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஈயம் மரையின் பள்ளத்துக்கு ஏற்றபடி நசுங்கி டையைப் பிடித்துக்கொள்ளும். எஃகு எஃகில் பதியாது. வளையத்தைத் தளர்த்த வேண்டிவரும்போது ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு வளையத்தின் பக்கத்தில் மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ஈயம் விட்டுக்கொடுக்கும்.