ஓடிடியில் குத்துச்சண்டை: இன்னும் மனதை விட்டுப் போகாத அந்த நிமிஷம்

கயிற்றோரம்:

நானே தொடங்கிவைக்கிறேன். ஹெவிவெயிட் பட்டப் போட்டி, ஏழாவது ரவுண்டு. எந்த ஓடிடி என்பது இங்கே முக்கியமில்லை. திரையில் இருவரும் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள், நடுவர் பிரித்துவிடுகிறார். அந்த நேரம் மேசை மேல் போன் அதிர்ந்தது. நண்பன் ஒரே வார்த்தை அனுப்பியிருந்தான்: "முடிஞ்சுது."

திரையில் ஒன்றுமே முடியவில்லை. சிவப்புக் கையுறைக்காரன் ஜாப் போடுகிறான், பின்வாங்குகிறான், தோளை உதறிக்கொள்கிறான். இந்த இரண்டு பேரில் ஒருவன் இன்னும் கொஞ்ச நேரத்தில் விழப்போகிறான் என்று எனக்குத் தெரியும். யார் என்று மட்டும் தெரியாது. சிவப்புக் கையுறை கொஞ்சம் தாழ்ந்தால்கூட "இதுதானோ" என்று வயிறு கலங்கியது. அப்புறம் அந்த இடது ஹூக் வந்தது. சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதமாகக் காத்திருந்த போட்டி.

மற்ற ஆட்டங்களில் ஒரு கோல் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அடுத்த கோலுக்குக் காத்திருக்கலாம். இங்கே ஒரே அடியோடு கதை முடிகிறது. கேபிளில் பார்த்த காலத்தில் சில நொடிதான் தாமதம் இருக்கும். இப்போது 20, 30 நொடி பின்னால் இருப்பதற்குப் பெயர்தான் நேரலை. எல்லாப் பெரிய போட்டியும் ஓடிடிக்கே போகிறது என்றால் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

மூன்றாம்வரிசை:

கயிற்றோரம் அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் போனை மேசையில் வைத்தது யார்?

எனக்கு நடந்தது சின்ன விஷயம். பதினொன்றாவது ரவுண்டில் படம் உறைந்துபோனது. பதற்றத்தில் ஆப்பை மூடித் திறந்தேன், பாஸ்வேர்டு கேட்டது, தப்பாக அடித்தேன். உள்ளே போனபோது இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவர் நடுவில் நிற்கிறார். அவ்வளவுதான்.

அதிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், எல்லாருக்கும் உதவும். ஓடிடியில் படம் ஒரே ஓட்டமாக வருவதில்லை. சில நொடி நீளத்துக்குத் துண்டு துண்டாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள். உங்கள் டிவி அதில் மூன்று நான்கு துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்கும். தாமதத்தில் பெரும்பங்கு அந்தச் சேமிப்புதான். அதைக் குறைத்தால் தாமதம் குறையும், ஆனால் நெட் லேசாகத் தடுமாறினாலே வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒன்றை விட்டால்தான் ஒன்று கிடைக்கும்.

எனவே, டிவிக்கு வைஃபை வேண்டாம், வயர் இழுத்துவிடுங்கள். ஆப் அப்டேட்டை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். முக்கியப் போட்டிக்குச் சரியாகப் போய் உட்காராமல் அதற்கு முன்னால் நடக்கும் சின்னப் போட்டிகளிலிருந்தே (அண்டர்கார்டு) ஓடவிடுங்கள், ஏனென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும்போதுதான் லாகின் திணறும். படம் உறைந்தால் வெளியே வராதீர்கள், தரத்தை ஒரு படி குறையுங்கள். நடுவில் பாஸ் செய்திருந்தால் 'லைவ்' பொத்தானை அழுத்துங்கள், இல்லையென்றால் இரவு முழுக்கப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள். டிவியில் மோஷன் ஸ்மூத்திங் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இல்லாத காட்சிகளை இடையில் செருகுவதால் வேகமான குத்துகள் குழைந்து தெரியும். கடைசியாக, போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

கயிற்றோரம்:

வயர் யோசனைக்கு நன்றி. ஆனால் போனை எங்கே ஒளித்தாலும் மேல் வீட்டில் கத்துவது கேட்கத்தானே செய்யும்? அவர்கள் என்னைவிட பத்து நொடி முன்னால் இருக்கிறார்கள். ஒரே போட்டியை ஒரே கட்டிடத்தில் ஆளுக்கு ஒரு நேரத்தில் பார்க்கிறோம். அதைத்தான் சொன்னேன்.

இடதுகைப்பெண்:

பஃபர் கதைகள் மட்டுமே வரும் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். நான் பெண் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுப்பவள். 2024 நவம்பர், நெட்ஃபிளிக்ஸில் கேட்டி டெய்லர், அமாண்டா செரானோ இரண்டாவது போட்டி. ஜேக் பாலும் மைக் டைசனும் மோதிய அதே இரவுதான். எனக்கு அந்த முக்கியப் போட்டி ஒரு பொருட்டே இல்லை. ஆறு பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செரானோவுக்கு வலது கண்ணுக்கு மேலே வெட்டு. தலை தலையோடு மோதிப் பிளந்தது. ரவுண்டுக்கு ரவுண்டு அது பெரிதாகிக்கொண்டே போகிறது. கேமரா கார்னரில் அவர் முகத்துக்கு வெகு கிட்டே போய் நின்றது. வெட்டுக்குள் பஞ்சுக்குச்சியை அழுத்துகிறார்கள், அவர் இமைக்கவில்லை, பயிற்சியாளர் சொல்வதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறார். என் பிள்ளைகளில் ஒருத்தி, அந்த வாரம்தான் "எனக்கு இது வேண்டாம் மிஸ்" என்று சொன்னவள், தன்னையறியாமல் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எட்டாவது ரவுண்டில் தலையால் முட்டியதற்காக டெய்லருக்கு ஒரு புள்ளி போனது. கடைசியில் மூன்று நடுவர்களும் 95-94 என்று டெய்லருக்கே கொடுத்தார்கள். அந்தப் பெண் எழுந்து நின்று டிவியைப் பார்த்துச் சண்டை போட்டாள். அடுத்த நாள் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றதும் அவள்தான்.

அது பே-பெர்-வியூவில், அதாவது ஒரு போட்டிக்கென்று தனியாகக் காசு கட்டிப் பார்ப்பதில், இருந்திருந்தால் எங்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டோம். 2015-இல் மேவெதர், பாக்கியாவ் போட்டிக்கு அமெரிக்காவில் 99.95 டாலர் வரை வாங்கினார்கள். அந்த விலையிலும் 46 லட்சம் பேர் வாங்கினார்கள், அதுதான் இன்றுவரை சாதனை. நெட்ஃபிளிக்ஸ் சொன்ன கணக்குப்படி டெய்லர், செரானோ போட்டியை உலகம் முழுக்கச் சுமார் 5 கோடி வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். பாக்ஸிங்கைத் தேடியே வராதவர்கள் முன்னால் இரண்டு பெண்களின் பத்து ரவுண்டு போய் நின்றது. தாமதம், பஃபர் எல்லாம் சரி, வருத்தம்தான். அதற்காகப் பழையபடி சுவர் எழுப்பச் சொல்லாதீர்கள்.

பழையமணி:

தங்கச்சி, உங்கள் மாணவி பற்றிப் படித்ததில் மனது நிறைந்தது. ஆனால் ஒரு பெரிய இரவை வைத்து மொத்தத்தையும் அளக்காதீர்கள்.

என் விஷயம் இது. என் மகனுக்கு ஒரு போட்டியைக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பட்டமெல்லாம் இல்லாத, எட்டு ரவுண்டு மிடில்வெயிட். தோற்றவன் கால் விளையாட்டைப் பார்த்தால் எப்படி நகர வேண்டும் என்று புரியும். சந்தா கட்டிய ஓடிடியில் அதைக் குறித்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ரிமோட்டை எடுத்தால், பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. உரிமை முடிந்ததாம். "நீங்க சொன்ன ஆள் யாருப்பா?" என்று அவன் கேட்டான். எழுந்து நின்று நானே ஆடிக்காட்டினேன். என் முழங்காலை வைத்துக்கொண்டு எவ்வளவு ஆட முடியும்?

அமெரிக்க கேபிள் சேனல் எச்பிஓ 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் நடந்த ஃபோர்மன், ஃப்ரேசியர் போட்டியோடு தொடங்கி 45 வருஷம் பாக்ஸிங் காட்டியது. 2018 டிசம்பரில் நிறுத்தியது. அந்தக் கடைசி இரவில் முக்கியப் போட்டியில் நின்றவர் சிசிலியா பிரேக்ஹஸ் என்ற பெண், அதே மேடையில் இன்னொரு பெண் கிளாரிசா ஷீல்ட்ஸும் இருந்தார் என்பதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1986 முதல் காட்டிய இன்னொரு சேனல் ஷோடைம் 2023 முடிவில் பாக்ஸிங் கடையைக் கட்டியது. ஈஎஸ்பிஎன் சேனலும், போட்டிகளை நடத்தும் டாப் ரேங்க் நிறுவனமும் 2017-இல் கைகோத்து 2025-இல் பிரிந்தன. இவர்கள் பெரிய இரவுகளை மட்டும் காட்டவில்லை. பெயர் தெரியாத 22 வயதுப் பையனை நான்காவது போட்டியிலிருந்தே காட்டினார்கள். அவன் பட்டத்துக்கு வரும்போது அவனுடைய வலது கை எப்போது தாழும் என்று நமக்குத் தெரிந்திருக்கும். டைசன் இரவோ, 2025 செப்டம்பரில் கனேலோவும் கிராஃபர்டும் மோதிய இரவோ, அந்தப் பெயர்களை உலகம் அறிய வைத்தது நெட்ஃபிளிக்ஸ் இல்லை. பல வருஷம் வேறு யாரோ நட்டு நீர் ஊற்றிய மரத்தில் பழம் பறிக்கிறார்கள். அடுத்த கிராஃபர்டை யார் வளர்க்கிறார்கள்?

சுவர் பற்றி ஒன்று. பே-பெர்-வியூ செத்துவிட்டது என்று விளம்பரம் செய்துகொண்டுதான் டாசோன் என்ற விளையாட்டு ஓடிடி அமெரிக்காவில் நுழைந்தது. கனேலோவோடு 11 போட்டிக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது 2018-இல். அதே கனேலோ 2022-இல் பிவோலோடு மோதியபோது டாசோனிலேயே பே-பெர்-வியூ. இன்று சந்தாவுக்குள் கிடைப்பது நாளைக்கும் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

இடதுகைப்பெண்:

அண்ணா, வளர்ப்பது யார் என்ற கேள்வி நியாயமானது, அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் எச்பிஓ காட்டிய 45 வருஷத்தில் பெண்கள் போட்டி முதன்முதலாக வந்ததே 2018-இல்தான், அதுவும் அதே பிரேக்ஹஸ் அந்த வருஷம் முன்னால் ஆடிய இன்னொரு போட்டி. மூடப்போகிற வருஷத்தில் கதவைத் திறந்தார்கள். அந்தக் காலத்துக்கு என்னால் ஏங்க முடியாது.

பழையமணி:

ஒப்புக்கொள்கிறேன். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மங்கல்வெளிச்சம்:

சுருக்கமாக. அப்பாவுக்குக் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வானொலி வர்ணனையில் வளர்ந்தவர், அதனால் சத்தத்திலேயே பார்த்துக்கொள்வார். போன வருஷம் ஒரு ஓடிடி நேரலையில் மூன்றாவது ரவுண்டு முழுக்க வர்ணனையாளர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த பிரபலங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கையுறை படும் சத்தம் கேட்கிறது, கூட்டம் எழும்புகிறது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "யாருடா அடிக்கிறான், யாருடா அடிக்கிறான்" என்கிறார். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அடுத்த குத்து விழுந்துவிடுகிறது.

இத்தனை மொழிகளில் வர்ணனை கொடுப்பவர்களுக்கு, குத்தை மட்டும் சொல்லும் ஒரு தனி ஒலித்தடம் கொடுப்பது கஷ்டமே இல்லை. கேபிளில் முடியாதது இங்கே முடியும். வருங்காலம் என்று பேசினால் நான் கேட்பது அது ஒன்றுதான்.

நான்காவதுமூலை:

மூன்றாம்வரிசை சார் சொன்னது எல்லாம் பார்ப்பவர் பக்கத்துக் கதை. ரிங் பக்கத்திலேயே கோளாறு என்றால் நீங்கள் எந்த வயர் இழுத்தும் பயனில்லை. நான் அந்தப் பக்கம் உட்காருபவன். சின்ன அரங்குகளில் நடக்கும் போட்டிகளை ஸ்ட்ரீம் செய்து கொடுப்பேன். இரண்டு கேமரா, படத்தை நெட்டில் அனுப்பும்படி மாற்றும் ஒரு என்கோடர், ஒரு லேப்டாப், மேலே அனுப்ப இரண்டு சிம். பழையமணி ஐயா கேட்ட அந்த நான்காவது போட்டிப் பையன்களைக் காட்டுவது இப்போது எங்களைப் போன்றவர்கள்தான்.

அன்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 61 பேர். ஒரு பையனுக்கு முதல் தொழில்முறைப் போட்டி, நான்கு ரவுண்டு. இரண்டாவது ரவுண்டில் வலது கை ஒன்று வாங்கிக் கீழே போனான். அதே நொடியில் அப்லோடு நின்றது. 61 பேருக்கும் திரையில் தெரிந்தது, ஒரு முழங்காலும் ஒரு கையுறையும் தரையில் ஊன்றியபடி உறைந்துபோன அந்தப் பையன்தான்.

சாட்டில் ஒருவர் எழுதினார்: "எழுந்துட்டானா?"

அந்தப் பெயரைச் சாயங்காலத்திலிருந்தே கவனித்திருந்தேன். ஒவ்வொரு போட்டிக்கு நடுவிலும் "அடுத்தது அவனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். மறுபடி: "யாராவது சொல்லுங்க. நான் அவன் அம்மா."

என் மேசைக்கும் ரிங்குக்கும் நடுவே பத்தடி தூரம். அவர் கேட்டபோது பையன் ஏற்கெனவே எழுந்து, நடுவர் எட்டு வரை எண்ணி முடித்து, திரும்பவும் மோதிக்கொண்டிருந்தான். என்கோடரை மறுபடி கிளப்ப இரண்டு கையும் வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் முதலில் ஸ்ட்ரீமைத்தான் மீட்பார்கள். நான் கீபோர்டை இழுத்து முதலில் அதை அடித்தேன்: "எழுந்துட்டான் அம்மா. நல்லா இருக்கான்."

அப்புறம்தான் என்கோடர். படம் திரும்பி வந்தபோது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவர் "முகத்தைக் கிட்டக் காட்டுங்க" என்று எழுதியிருந்தார். இரண்டாவது கேமராவை அவன் முகத்தில் வைத்து, பெல் அடிக்கும் வரை நகர்த்தவே இல்லை. புருவத்தில் வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தார்கள். யாருக்காக என்று அவனுக்குத் தெரியாது, எதிர் கார்னரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கயிற்றோரம்:

அவர் முதலில் கேட்டதற்கும் உங்கள் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கும்?

நான்காவதுமூலை:

19 நொடி. சாட் பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.